மூன்றாவது பெயர்

(நம் சங்கத்தின் இளைஞர் வழிகாட்டுதல் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வேலைக்கான நேர்முகத் தேர்வில் வெற்றி பெறுவது எப்படி’ என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அந்தத் தலைப்பில் பேச எனக்குத் தகுதியில்லை என்றேன். வெற்றி பெற்ற கதை என்னிடம் அதிகம் இல்லை. தோற்ற கதை ஒன்று இருக்கிறது. என் பேரன் தோற்ற கதை ஒன்று இருக்கிறது. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. இந்த மூன்றையும் சொல்கிறேன், கேட்கிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அவரும் சரியென்றார்.

முதலில் ஒரு மன்னிப்பு. சென்ற சில மாதங்களில் இங்கே இருப்பவர்களில் பலருக்கு, ‘மாமா, பன்வேல் பக்கத்தில் புதுசா ஃபிளாட் வருது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கறேளா? கார் அனுப்பறோம்’ என்று ஒரு பையன் போன் செய்திருப்பான். அவன் என் பெண் வயிற்றுப் பேரன். உங்கள் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். என் அலமாரியிலிருந்த நம் சங்கத்தின் மெம்பர்ஸ் டைரக்டரியிலிருந்துதான் கிடைத்தது. அதற்குப் பொறுப்பு நான்தான்.

பேரன் பி.காம். முடித்தவன். நன்றாகப் பேசுவான். வீடு விற்றுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ‘சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ்’ வேலைக்கு மனு போட்டான். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். முதலில் போனில் ஒரு பேட்டி. இரண்டாவது கம்ப்யூட்டர் திரையில். மூன்றாவது எட்டுப் பேரைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசச் சொன்னது. நான்காவதில் மேனேஜரே கோபக்கார வாடிக்கையாளராக நடித்தார், இவன் சமாதானப்படுத்த வேண்டும். நான்கிலும் தேறிவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மாப்பிள்ளை அவனுக்கு இரண்டு ஃபுல் ஸ்லீவ் சட்டையும் ஷூவும் வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தாவது கட்டம் ‘ஃபீல்டு டெஸ்ட்’. ஏழு நாள், சம்பளம் கிடையாது. தெரிந்தவர்கள் நூறு பேருடைய பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்களைக் கூப்பிட்டுக் கட்டிடம் நடக்கும் இடத்துக்கு அழைத்து வர வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு நூறு பேரை எங்கே தெரியும்? உறவில் முப்பது, சிநேகிதர்களில் இருபது. பாக்கி ஐம்பதுக்குத்தான் தாத்தாவின் அலமாரி. ‘தாத்தா, டைரக்டரியை எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்டான். நானும் எதற்கென்று யோசிக்காமல் ‘எடுத்துக்கோடா’ என்றேன்.

டோம்பிவிலியிலிருந்து தினமும் போய் வந்தான். ஏழு நாளில் பதினோரு பேரை அழைத்துப் போய்விட்டான். ‘நல்ல வேலை செஞ்சிருக்கே, லெட்டர் மெயிலில் வரும்’ என்று கை குலுக்கி அனுப்பினார்கள். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. இவன் போன் செய்தால் எடுப்பாரில்லை. ஒருநாள் வேறு யாரோ எடுத்து, ‘அந்தப் போஸ்ட் ஹோல்டில் இருக்கிறது’ என்று வைத்துவிட்டார். ஆனால் இவன் கொடுத்த நூறு நம்பர்களுக்கும் அந்தக் கம்பெனியிலிருந்து இன்றுவரை போன் வருகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பையன் இல்லை, பட்டியல். எட்டுப் பையன்கள் என்றால் எண்ணூறு நம்பர், ஒரு பைசா செலவில்லாமல்.

பேரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ‘தாத்தா, நான் எதில் ஃபெயில் ஆனேன்னு சொல்லியிருந்தாக்கூடத் தேவலை’ என்றான். இந்த வார்த்தை என்னை ஐம்பது வருஷத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

1971-ல் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தேன். 1972-ல் பம்பாய் வந்தேன். சயனில் அத்திம்பேர் வீடு, ஒரே அறை. அக்கா, அத்திம்பேர், இரண்டு குழந்தைகளோடு நான் ஐந்தாவது. ராத்திரி பால்கனியில் படுக்கை. அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, ஆனால் சுளிக்காமல் இருக்க அவள் படும் சிரமம் எனக்குத் தெரிந்தது.

பேப்பரில் விளம்பரம் பார்த்து ஒரு மருந்துக் கம்பெனிக்கு மெடிகல் ரெப்ரசென்டேடிவ் வேலைக்கு எழுதிப் போட்டேன். அந்த நாளில் சயன்ஸ் பட்டதாரிக்கு அது மதிப்பான வேலை. சம்பளம் அரசாங்க குமாஸ்தாவைவிட நன்றாகவே அதிகம், தினப்படி தனி. காலை பத்து மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எதிர்வீட்டு பாங்க்காரரிடம் டை கடன் வாங்கினேன். அதைக் கட்டவும் அவரே சொல்லிக் கொடுத்தார். சல்ஃபா மருந்துகளின் அமைப்பு, பெனிசிலின் வேலை செய்யும் விதம் எல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனேன்.

பத்து மணிக்குப் போனவனைக் கூப்பிட்டது மாலை நாலு மணிக்கு. உள்ளே இருந்த மேனேஜர் தலை நிமிரவில்லை. சல்ஃபாவும் கேட்கவில்லை, பெனிசிலினும் கேட்கவில்லை. ‘சிகரெட் உண்டா? டாக்டர்கள் பார்ட்டிக்குக் கூப்பிட்டால் வருவாயா? ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா?’ மூன்றுக்கும் இல்லை என்றேன். ‘சரி, நாளை முதல் மூன்று நாள் எங்கள் சீனியரோடு சுற்றிப் பார்’ என்றார்.

அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை. சீனியர் ஒரு குஜராத்திக்காரர், நல்ல மனிதர். சாம்பிள் பையை நான் தூக்கிக்கொண்டு பரேலிலிருந்து முலுண்ட் வரை லோக்கல் ரயிலிலும் நடையிலுமாக அவரோடு போனேன். டிஸ்பென்சரி பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்து, கடைசி நோயாளி போன பிறகு, இரவு ஒன்பது மணிக்கு டாக்டரிடம் இரண்டு நிமிஷம். ‘டாக்டருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் கம்பவுண்டருக்குச் சொல்’ என்று அவர் கற்றுக் கொடுத்தார். பின்னாளில் அரசாங்க ஆபீசில் எனக்கு மிகவும் உபயோகப்பட்ட பாடம் அது.

அதற்குப் பிறகு மெடிகல் டெஸ்டும் ஆயிற்று. ‘நீ செலக்ட் ஆன மாதிரிதான், ஒரு வாரத்தில் ஆர்டர்’ என்றார்கள். அத்திம்பேர் அக்கம்பக்கத்தில் பேடா கொடுத்தார். நான் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அதே வாரம் தானாவில் ஒரு பெயின்ட் ஃபாக்டரியில் லாபரேட்டரி வேலைக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் குறைவு. வேறு வேலை ஆகிவிட்டது என்று மறுத்து எழுதிவிட்டேன்.

ஆர்டர் வரவில்லை. நான்கு முறை நேரில் போனேன். நான்காவது முறை வாட்ச்மேனே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உள்ளே விடவில்லை. ஊரிலிருந்து அம்மாவின் இன்லண்ட் லெட்டர் வாரம் ஒன்று வரும். எல்லா விஷயமும் எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் ‘ஆர்டர் வந்ததா?’ என்று ஒரு வரி. ஒரு கட்டத்தில் அந்த ஓரத்தைப் படிக்காமலே மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் கழித்து தாதர் ஸ்டேஷனில் அந்தச் சீனியரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: ‘தம்பி, விளம்பரம் வருவதற்கு முன்பே ஆள் முடிவாகிவிட்டது. மேனேஜருக்கு வேண்டியவர். ஆனால் மூன்று பேரைப் பார்த்ததாக ஹெட் ஆபீசுக்குக் காட்ட வேண்டும். அதில் மூன்றாவது பெயர் நீ.’

வேலை கிடைக்காததுகூட எனக்குப் பெரிதாக இல்லை. என் மூன்று நாள் உழைப்பு, அத்திம்பேர் கொடுத்த பேடா, விட்டுவிட்ட லாபரேட்டரி வேலை எல்லாம் ஒரு காகிதத்தில் மூன்றாவது வரியை நிரப்புவதற்காக என்பதுதான் தாங்கவில்லை.

பிறகு 1973-ல் எழுத்துத் தேர்வு எழுதி மத்திய அரசின் ஒரு தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்தேன். படிப்படியாக உயர்ந்து 2011-ல் ஓய்வு பெற்றேன். இதோடு நிறுத்தினால் தனியார் கம்பெனி மோசம், அரசாங்கம் உசத்தி என்று ஆகிவிடும். அதனால் மூன்றாவது கதையையும் சொல்லியாக வேண்டும். இதை என் வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை.

1980-களின் பிற்பகுதி. எங்கள் அலுவலகத்தில் சில கீழ்நிலைப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தோம். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய நாற்பத்திரண்டு பேர். தேர்வுக் குழுவில் நானும் ஒருவன். இரண்டு நாள் பேட்டி கண்டோம், பட்டியல் தயாரித்தோம். அதற்குள் சிக்கன நடவடிக்கை என்று மேலிடத்து உத்தரவு வந்து, அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை. அதில் எங்கள் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ரத்னகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தகப்பனார் மராட்டியில் கடிதம் எழுதினார். ‘என் மகன் உங்களிடம் பேட்டிக்கு வந்துபோனான். ஆர்டர் வரும் என்று வேறு இடத்துக்குப் போகாமல் இருக்கிறான். வருமா வராதா என்று மட்டும் தெரிவித்தால் போதும்.’ கடிதம் என் மேஜைக்கு வந்தது. படித்தேன். ‘நடவடிக்கை தேவையில்லை, கோப்பில் வைக்கவும்’ என்று எழுதி இனிஷியல் போட்டேன். அன்று மேஜையில் முப்பது தபால் இருந்தது, அதில் அது ஒன்று. சாயங்காலம் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு வரும்போதுதான் அம்மாவின் ‘ஆர்டர் வந்ததா?’ ஞாபகம் வந்தது. மறுநாள் அந்தக் கடிதத்தை எடுத்துப் பதில் போட்டிருக்கலாம். ஃபைல் ரெக்கார்ட் ரூமுக்குப் போகவில்லை, பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. நான் எழுந்துபோய் எடுக்கவில்லை. அந்தப் பையன் எத்தனை மாதம் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. என்னை மூன்றாவது பெயராக்கிய மேனேஜரை இனிமேல் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பது மட்டும் தெரியும்.

நான் சயன்ஸ் படித்தவன். ஆகவே இந்தப் பேட்டி என்ற கருவியே எவ்வளவு துல்லியமானது என்று பிறகு தேடிப் படித்தேன். ஹாலிங்வொர்த் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1920-களிலேயே ஒரு சோதனையை எழுதியிருக்கிறார். விற்பனை வேலைக்கு வந்த 57 பேரை, அனுபவமுள்ள 12 சேல்ஸ் மேனேஜர்கள் தனித்தனியாகப் பேட்டி கண்டு வரிசைப்படுத்தினார்கள். ஒருவர் பட்டியலில் தலைப்பில் இருந்தவர் இன்னொருவர் பட்டியலில் அடியில் இருந்தார். ஒரே பொருளைப் பன்னிரண்டு தராசில் நிறுத்தால் பன்னிரண்டு எடை வருகிறது என்றால், தப்பு பொருளில் இல்லை, தராசில். பிற்கால ஆய்வுகள், 2022-ல் வெளிவந்த விரிவான மறு ஆய்வு உட்பட, சொல்வது இதுதான்: எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு அப்போதைக்கப்போதே மதிப்பெண் போடும் பேட்டி ஓரளவு நம்பகமானது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் பேட்டி அந்த அளவுக்கு இல்லை.

நம் நாட்டிலும் இது உணரப்பட்டிருக்கிறது. 1981-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கல்லூரி அட்மிஷன் வழக்கில், பேட்டிக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் ஒதுக்குவது நியாயமற்றது என்றது. 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து மத்திய அரசில் குரூப் ‘சி’ பணிகளுக்கும், கெஜட் பதிவு பெறாத குரூப் ‘பி’ பணிகளுக்கும் பேட்டியே எடுக்கப்பட்டுவிட்டது. என் காலத்தில் இது வந்திருந்தால் ரத்னகிரிப் பையன் ரயில் செலவு செய்து வந்திருக்க மாட்டான்.

ஆகவே இளைஞர்களே, பேட்டியில் தேறவில்லை என்றால் ‘நான் உதவாக்கரை’ என்று முடிவு கட்டாதீர்கள். அது ஒரு தராசு காட்டிய எடை. அவ்வளவுதான்.

இனி, விற்பனை வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். விற்பனை கேவலமான வேலை என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறோம். அது தப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு டிஸ்பென்சரி பெஞ்சில் காத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் வராது. வேலையில் குற்றமில்லை. ஆள் எடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, சம்பளத்தில் நிச்சயமான பகுதி எவ்வளவு, விற்றால் மட்டும் கிடைப்பது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ‘சி.டி.சி. ஆறு லட்சம்’ என்பார்கள். அதில் டார்கெட் முழுவதும் முடித்தால் வரும் இன்சென்டிவும் சேர்ந்திருக்கலாம். டார்கெட் எவ்வளவு, முடிக்காவிட்டால் என்ன ஆகும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். ‘இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?’ என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்பவரின் முகம் நிறையச் சொல்லும்.

இரண்டாவது, ‘டெபாசிட்’, ‘டிரெயினிங் ஃபீஸ்’ என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. சம்பளமில்லாமல் சோதனை வேலை என்றால் அரை நாள் செய்யலாம், ஏழு நாள் அல்ல.

மூன்றாவது, மற்றவர்கள் நம்பரைக் கொடுக்காதீர்கள். அது நம்முடையதல்ல. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் இருக்கட்டும், நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதே!

நான்காவது, எழுத்தில் ஆர்டர் வாங்குங்கள். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் சங்கம் அமைத்துப் போராடிப் பெற்றது 1976-ஆம் வருஷத்து விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம். நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. நான் பேட்டிக்குப் போனதற்கு நான்கு வருஷம் பிந்தி வந்தது! 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது அடங்கிவிட்டது. நியமனக் கடிதம் இப்போது எல்லா ஊழியருக்கும் உரியது. ஆனால் ‘கமிஷன் ஏஜென்ட்’ என்று கையெழுத்து வாங்கினால், நீங்கள் ஊழியரே இல்லை என்று சொல்லிவிடக்கூடும். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் போடுங்கள்.

ஐந்தாவது, நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கையில் ஆர்டர் வரும்வரை அடுத்த வேலையை மறுக்காதீர்கள். ஊரில் பேடாவும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, இந்த அரங்கில் கம்பெனி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். எல்லோருக்கும் வேலை கொடுக்க முடியாது. எல்லோருக்கும் பதில் கொடுக்க முடியும். ‘இல்லை’ என்று ஒரு வரி. அந்தக் காலத்தில் ஒரு கார்டு, இன்று அதுகூட வேண்டாம், விரலால் ஒரு தட்டு. ஒரு வீட்டில் ஒரு தாயார் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அதோடு நின்றுவிடும். பையன் அடுத்த வாசலுக்குப் போவான்.

பேரன் இப்போதும் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறான். சென்ற மாதம் நானும் அவனும் உட்கார்ந்து அந்த நூறு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினோம். தமிழில் அவன் டைப் செய்தான், தப்பை நான் திருத்தினேன். சிலர் போன் செய்து, ‘பரவாயில்லைடா குழந்தே’ என்றார்கள். ஒரு மாமா மட்டும், ‘உன் பயோடேட்டாவை அனுப்பு, நான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லை, ஆனால் எதுவானாலும் பத்து நாளில் பதில் சொல்கிறேன்’ என்றார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள் நேற்றோடு முடிந்தது. நேற்றுப் பதில் வந்தது. ‘இப்போது இடமில்லை’ என்று வந்தது. என் பேரன் அதை என்னிடம் காட்டி, ‘பார் தாத்தா, சொன்னபடி சொல்லிட்டார்’ என்றான். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டான்.

அந்த மாமாவுக்கு என் நன்றி. டைரக்டரியின் அடுத்த பதிப்பில், ‘இதிலுள்ள நம்பர்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது’ என்று முதல் பக்கத்தில் அச்சிடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.